தோற்கத் தெரிந்தவள்

கேரம் ஆட்டத்தில் ஜெயிக்கக் கண் வேண்டும், கை வேண்டும். தோற்பதற்கு அந்த இரண்டோடு கல்யாணமும் ஆகியிருக்க வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்து ஜோதிலட்சுமிக்கு மூன்றும் வாய்த்திருந்தன. சாயங்காலக் காபி முடிந்ததும் கூடத்தில் போர்டைப் போட்டு, எதிரில் உட்கார்ந்து, கணவர் தனக்கோடியிடம் தோற்பது அவளுடைய அன்றாட வேலைகளில் ஒன்று. பால் காய்ச்சுவது, துணி மடிப்பது, தோற்பது. மகளுக்கே கல்யாண வயதாகிவிட்டது என்றால் எத்தனை காலமாக இந்த வேலையைப் பார்க்கிறாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சிதம்பரத்தில் படித்தபோது அவள் விடுதியில் வேறு ஜோதி. சாப்பாட்டுக் கூடத்து மூலையில் கிடந்த போர்டில் அவள் ஸ்ட்ரைக்கரைத் தொட்டால், எதிரில் இருப்பவள் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு நிதானமாக வரலாம். கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியில் ஒரு கேடயம்கூட வாங்கியிருக்கிறாள். புவனகிரியிலிருந்து தனக்கோடியைப் பார்த்துப் பேசி முடித்தபோது கேடயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்றாள்.

கல்யாணத்தன்று சாயங்காலம் நலங்கு வைத்து, மணமக்களைத் தேங்காய் உருட்டச் சொன்னார்கள். அது முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் எங்கிருந்தோ ஒரு கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேரத்தில் எங்க பையன் புவனகிரி சிங்கம், பொண்ணு ஒரு ஆட்டம் ஆடட்டும் என்றார். ஜோதிலட்சுமி பாவம், ஆட்டம் என்றதும் ஆடிவிட்டாள். மருதாணிக் கையால் வரிசையாகக் காய்களைத் தள்ளிக்கொண்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் மெல்ல அடங்கியது. பின்னாலிருந்து அவள் அம்மா இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினார். அடுத்த காய் குழியின் விளிம்பு வரை போய் நின்றது. அதன்பிறகு ஒரு காயும் விழவில்லை. முதல் நாளே பெண்டாட்டியை ஜெயித்துவிட்டான் என்று தாய்மாமன் எல்லோருக்கும் வெற்றிலை கொடுத்தார். முதலில் விழுந்த காய்களெல்லாம் புதுப்பெண்ணின் அதிர்ஷ்டம் என்று முடிவாயிற்று.

சும்மா தோற்பதென்றால் யார் வேண்டுமானாலும் தோற்கலாம். தோற்பது தெரியாமல் தோற்கத்தான் வித்தை வேண்டும். காய் குழிக்கு நேராகப் போகவேண்டும், ஆனால் விழக்கூடாது. அடுத்து ஆடுபவர் சும்மா தொட்டால் விழுகிற மாதிரி அவருடைய காய் ஒன்று குழிவாயில் வந்து உட்கார வேண்டும். அதுவும் தற்செயலாக வந்ததுபோல இருக்கவேண்டும். சில நாள் அவள் கடைசிக் காய்வரை இழுத்துக்கொண்டு போய்த் தோற்பாள், அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சாப்பாடு இரண்டு தோசை கூட இறங்கும். கொஞ்சம் அசந்துட்ட ஜோதி, இல்லன்னா நீதான் என்று தேற்றுவார். அவளும் ஆமாங்க என்பாள்.

தனக்கோடி கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அங்கேயும் மதிய இடைவேளையில் போர்டு உண்டு. அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் அவரோடு ஆடித் தோற்பார்கள், தோற்றவர்களுக்கு லீவு தட்டாமல் கிடைக்கும். புதிதாக வந்த ஒரு இளைஞன் மட்டும் இந்தச் சம்பிரதாயம் தெரியாமல் ஒருநாள் அவரை ஜெயித்துவிட்டான். அடுத்த வாரமே அவனைக் காட்டுமன்னார்கோயில் பக்கம் வெளி வேலைக்கு அனுப்பினார்கள். கேரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லப்பா என்று தனக்கோடியே அவனை வலியக் கூப்பிட்டுச் சொன்னார். அதைக் கேட்டபிறகுதான் அவனுக்குச் சம்பந்தமே புரிந்தது.

இதெல்லாம் ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, மகள் இலக்கியாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கும் வரை. பெண் பார்க்க வருகிற பையனோடு ஒரு ஆட்டம் போட்டுப் பார்த்தால் அவன் குணம் முழுக்கத் தெரிந்துவிடும் என்பது தனக்கோடியின் கண்டுபிடிப்பு. முதலில் வந்தவன் நெய்வேலிப் பையன். தனக்கோடியைப் பத்தே நிமிஷத்தில் சுருட்டி வைத்துவிட்டான். மாமனாரையே இந்த அடி அடிக்கிறவன் நாளைக்குப் பெண்ணை என்ன பாடு படுத்துவானோ என்று அந்த இடம் கழிந்தது. அடுத்தவன் ஒரு காய்கூடப் போடாமல் தோற்றான். ஒரு காய் தள்ளத் துப்பில்லாதவன் குடும்பத்தை எப்படித் தள்ளுவான் என்று அதுவும் கழிந்தது. மூன்றாவது பையன், கேரம் செல்போனில்தான் ஆடுவேன் சார் என்றான். அவனுக்குக் காபிகூட ஆறிப்போய்த்தான் கிடைத்தது.

நான்காவதாக வந்த ஜாதகம் எழிலனுடையது. சிதம்பரத்துப் பையன். தரகரே தேடிக் கொண்டுவந்த வரன் என்று தனக்கோடி நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் எழிலனும் இலக்கியாவும் புதுச்சேரியில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள், ஒருவரையொருவர் பிடித்திருந்தது, தரகரை அவர்களே பேசி அனுப்பினார்கள். இது ஜோதிலட்சுமிக்கு மட்டும் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், பிடித்துப்போனால் அன்றைக்கே பூ வைத்துவிடுவது என்று முடிவானபோது, இலக்கியா சமையலறைக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, இவரு இல்லன்னா எனக்கு வேற யாரும் வேணாம். அப்பா அந்த போர்ட மட்டும் எடுக்காம பாத்துக்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஜோதிலட்சுமிக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. சனிக்கிழமையே போர்டைத் தூக்கி பீரோவுக்குப் பின்னால் செருகி, முன்னால் துவைத்த துணியை மலையாகக் குவித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை தனக்கோடி பல் விளக்கிய கையோடு போர்டை எடுத்துத் துடைத்துக் கூடத்தில் வைத்துவிட்டார். வீட்டில் பூண்டு எங்கிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, போர்டு எங்கிருந்தாலும் தெரியும்.

எழிலனும் அவன் அம்மா அமிர்தமும் மட்டும்தான் வந்தார்கள். அமிர்தம் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை, கணவர் இல்லை. பையனைத் தனியாக வளர்த்தவர். கையோடு தட்டில் பூவும் பழமும் கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குகிறது, அதற்குள் பூ வைத்துவிடலாம் என்று வந்ததும் சொன்னார். தாராளமா வச்சிடலாம், ஒரு போர்டு ஆடிட்டு என்றார் தனக்கோடி. இந்தத் தடவை இரண்டிரண்டு பேராக ஆடலாம், குடும்பமே எப்படி என்று தெரிந்துவிடும். தானும் ஜோதிலட்சுமியும் வெள்ளை. எழிலனும் அமிர்தமும் கறுப்பு. அமிர்தம், நான் இதைத் தொட்டதே இல்லைங்க என்று பதறினார். அதுதான் நல்லது என்று பதில் வந்தது.

"ஒண்ணு சொல்லிடறேன் தம்பி. விட்டுக்குடுத்து ஆடறது எனக்குப் புடிக்காது. நெசமா ஆடணும்."

"சரிங்க மாமா," என்றான் எழிலன், முழுக்க முழுக்கப் பொய்யாக. தோற்றுவிட வேண்டும், ஆனால் அசிங்கமாகத் தோற்றுவிடக் கூடாது என்று இலக்கியா அவனுக்கு ஒரு வாரமாகப் பாடம் எடுத்திருந்தாள். அம்மாவிடம் அவன், நீ எதையும் போட்டுடாதம்மா என்று பஸ்ஸிலேயே சொல்லி வைத்திருந்தான்.

ஆக, போர்டைச் சுற்றி நாலு பேர். தோற்க வேண்டும் என்று இரண்டு பேர். தோற்றே பழகியவள் ஒருத்தி. ஜெயிக்க ஆசைப்பட்டவர் ஒரே ஒருவர்தான், அவருக்கோ ஆடத் தெரியாது.

தனக்கோடி ஓங்கி அடித்துத் தொடங்கினார். காய்கள் நான்கு பக்கமும் சிதறின, ஒன்றும் விழவில்லை. எழிலன் குறிபார்த்து, கடைசி நொடியில் முழங்கையை இழுத்துத் தவறவிட்டான். ஜோதிலட்சுமி அதைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாள். பையனுக்கு நன்றாக ஆடத் தெரியும், தவறவிடத்தான் தெரியவில்லை. அவள் முறை வந்தது. கணவரின் பக்கம் ஆடுகிறோம், காயைப் போட வேண்டும் என்று மனசுக்குத் தெரிந்தது. ஆனால் தனக்கோடி எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் இருந்தால் விட்டுவிடுவது என்று கைக்குப் பழகிப்போயிருந்தது. வெள்ளைக் காய் வழக்கம்போலக் குழிவாய் வரை போய் அவருக்காகக் காத்திருந்தது.

அமிர்தம் ஸ்ட்ரைக்கரைத் தோசை திருப்புகிற மாதிரி ஒரு தள்ளு தள்ளினார். கறுப்பு ஒன்று விழுந்தது. ஐயையோ என்று வாயைப் பொத்திக்கொண்டார். விழுந்தால் மறுபடி நீங்கதான் ஆடணும் என்று தனக்கோடி விளக்கியதும், இன்னும் மெதுவாகத் தள்ளினார். ரெட் விழுந்தது. கூடவே தன் காய் ஒன்றை ஃபாலோ போட வேண்டும் என்றார்கள். போடக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வேறு திசையில் தட்டினார். அங்கேயும் ஒரு கறுப்பு காத்திருந்தது.

"அது பாட்டுக்கு வுழுதுங்க, நான் என்னா பண்றது," என்று தனக்கோடியிடம் மன்னிப்புக் கேட்டார்.

எழிலன் முகம் வெளுத்துவிட்டது. அம்மா செய்த கெடுதலைச் சரிக்கட்ட, தன் முறையில் ஸ்ட்ரைக்கரையே குழிக்குள் அனுப்பிவிட்டு, ஃபைனாக ஒரு காயை எடுத்து நடுவில் வைத்தான். ஃபைன் வைக்கும்போது இவ்வளவு நிம்மதியாக மூச்சுவிட்ட ஆளை அந்தப் போர்டு பார்த்ததில்லை. ஆனால் அவன் ஒன்றை வைத்தால் அமிர்தம் இரண்டைப் போட்டார். தனக்கோடி, மனைவி கொண்டுவந்து வைத்த காய்களைத் தட்டி ஐந்து வெள்ளை போட்டார், அவர் கணக்கில் அது ஐந்தும் சொந்தச் சம்பாத்தியம். மணி பதினொன்றைத் தாண்டியது. கேசரி இறுகியது. தட்டில் இருந்த மல்லிகை மின்விசிறிக் காற்றில் வாடத் தொடங்கியது. இலக்கியா சமையலறை வாசலில் காலியான காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

பன்னிரண்டு மணியை நெருங்குகிற நேரத்தில் நிலவரம் இதுதான். கறுப்பில் ஒரே ஒரு காய் பாக்கி. அதுவும் அமிர்தத்தின் பக்கத்துக் குழிவாயில், ஊதினால் விழுகிற மாதிரி. வெள்ளையில் நாலு பாக்கி. தனக்கோடி அடித்துத் தவறவிட்டார். எழிலன் வெறும் போர்டில் ஸ்ட்ரைக்கரைத் தேய்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். இப்போது ஜோதிலட்சுமியின் முறை. அவள் விட்டால் அடுத்தது அமிர்தம். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாலும் அது விழும், மூடிக்கொண்டு தள்ளினால் நிச்சயம் விழும். கேரமே தெரியாத ஒரு டீச்சரம்மாவிடம் தன் வீட்டிலேயே தோற்ற பிறகு தனக்கோடி பூ வைக்கச் சம்மதிப்பார் என்று அந்தக் கூடத்தில் யாரும் நம்பவில்லை.

ஜோதிலட்சுமி மகளைப் பார்த்தாள். பிறகு எழிலனைப் பார்த்தாள். நல்ல பையன். நன்றாக ஆடுகிறவன். இன்னும் இந்த வீட்டு மாப்பிள்ளைகூட ஆகவில்லை, அதற்குள் தோற்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். நாளைக்கு ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்து தோற்பான், பக்கத்தில் உட்கார்ந்து என் மகளும் தோற்பாள் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. கணவர்மேல் கொஞ்சம்தான். இத்தனை காலமும் காயைக் குழிவாயில் கொண்டுபோய்க் கொண்டுபோய் வைத்த தன் விரல்மேல்தான் அதிகம்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஸ்ட்ரைக்கரைக் கோட்டின்மேல் நகர்த்தி ஒரு இடத்தில் நிறுத்தினாள். முதல் வெள்ளை இடது குழியில் சத்தமில்லாமல் இறங்கியது. நல்ல அதிர்ஷ்டம் என்று தனக்கோடி சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது எதிர்க்குழிக்குப் போய்விட்டது. மூன்றாவது அவள் கோட்டுக்குப் பின்னால் கிடந்தது. கட்டைவிரலால் பின்பக்கமாகத் தள்ளினாள், போனது.

கடைசி வெள்ளை பலகையோரம் ஒட்டிக்கொண்டு, அந்தக் கறுப்புக் காய்க்கு அருகிலேயே இருந்தது. நேராக அடித்தால் கறுப்பு விழுந்துவிடும். ஜோதிலட்சுமி எதிர்ப்பலகையைப் பார்த்து அடித்தாள். ஸ்ட்ரைக்கர் போய் மோதித் திரும்பி, வெள்ளையைப் பின்னாலிருந்து தொட்டது. காய் ஓரத்தை ஒட்டியபடி அவளை நோக்கி நிதானமாக நழுவி வந்து, அவள் கைப்பக்கத்துக் குழியில் விழுந்தது. கறுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

தனக்கோடியின் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது, பின்னாலேயே சந்தேகம் வந்தது. ஆட்கள் இருந்ததால் சந்தோஷத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் நான் சொல்லிக்குடுத்ததுதான்," என்றார் அமிர்தத்திடம்.

மணி ஆகிக்கொண்டிருந்தது. அமிர்தம் எழுந்து இலக்கியாவின் தலையில் பூ வைத்தார், எமகண்டத்துக்கு மயிரிழை நேரம் மிச்சமிருந்தது. கடைசிக் காய்வரை வந்து தோற்றிருக்கிறார், பெரியவர்களிடம் நடந்துகொள்ளத் தெரிந்த பிள்ளை என்று தனக்கோடி எழிலனுக்குச் சான்றிதழ் கொடுத்தார். எழிலன் அவருக்குத் தலையாட்டிவிட்டு, ஜோதிலட்சுமியைத்தான் பார்த்தான், கையெடுத்துக் கும்பிடாத குறை.

சாப்பிட்டு முடித்து அவர்கள் சிதம்பரம் பஸ் ஏறினார்கள். வழியனுப்பப் போன இலக்கியா அப்படியே திருப்பாதிரிப்புலியூரில் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலக் காபியைத் தனக்கோடி போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து குடித்தார்.

"ஜோதி, அந்த நாலு காயி. குருட்டு அடியா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாளையிலிருந்து எல்லாம் பழையபடி நடக்கும். அவளுக்கு அந்தச் சொல் வாய்வரை வந்தது, ஆனால் சொல்லப் பிடிக்கவில்லை.

"இல்லங்க. தெரிஞ்சுதான் அடிச்சேன். சிதம்பரத்துல படிக்கும்போதே நான் நல்லா ஆடுவேன்."

தனக்கோடி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப இத்தினி நாளா நான் ஜெயிச்சதுல ஒண்ணாவது நெசம் இருக்குமா?"

அவளுக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. ஒன்றாவது இருக்காதா என்று மனசார யோசித்துப் பார்த்தாள். காய்ச்சலில் படுத்து எழுந்த ஒரு நாள் ஞாபகம் வந்தது, அன்றைக்கும் வேண்டுமென்றேதான் விட்டிருந்தாள்.

"ஒண்ணுகூட இல்லங்க."

சம்பந்தி வீட்டில் இதைச் சொல்லிவிடாதே என்பதுதான் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது. பிறகு நிமிர்ந்து, அலுவலகத்தில் நான் ஜெயிக்கிறேனே என்றார். அவுங்களப் பத்தி எனக்குத் தெரியாதுங்க என்றாள் ஜோதிலட்சுமி. அவர் அலுவலகத்து முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது அவளுக்குத் தெரிந்தது. யார் யாருக்கு எப்போதெல்லாம் லீவு கொடுத்தோம் என்பதும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் தொங்கிப்போயிற்று. எழுந்து போய்விடுவார், இனி இந்த வீட்டில் போர்டே இருக்காது என்று அவள் நினைத்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. காய்களைக் கொட்டி, ரெட்டை நடுவில் வைத்துச் சுற்றிலும் அடுக்கி, ஸ்ட்ரைக்கரை அவள் பக்கம் தள்ளினார்.

முதல் ஆட்டத்தில் தனக்கோடி ஒரு காய்கூடப் போடவில்லை. இரண்டாவதில் ஒன்று போட்டார். மூன்றாவதில் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கிக் குறிபார்த்தார். இதுவரை அவருக்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருந்ததில்லை. நெற்றியில் வேர்வை கட்டியிருந்தது. ஜோதிலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. அவள் முறை வந்தபோது அவளுடைய காய் குழிக்கு நேராக இருந்தது. கொஞ்சம் மெதுவாகத் தள்ளினால் விளிம்பில் நின்றுவிடும். அவள் விரல் தானாகவே தளர்ந்தது.

"விட்டுடாத," என்றார் தனக்கோடி, போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். இந்தத் தடவை விடவில்லை.